அண்ணையின் இரண்டு வருத்தங்கள்

எங்கள் ஊரில் கோயில் கொண்டிருக்கும் கந்தப்பெருமானை வணங்கி, அண்ணையின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியில் வீடு தேடி வந்திருக்கும் உறவினர்க்கும் நண்பர்க்கும் இந்த நினைவு மலரில் இதை எழுதுகிறேன். நான் அவருடைய ஒரே தங்கை. தொழிலால் தாதி. ஆகையால் இந்தக் கட்டுரையில் புகழுரை குறைவாகவும் அவருக்கு இருந்த வருத்தங்களை, அதாவது நோய்களைப் பற்றிய செய்தி கூடுதலாகவும் இருக்கும். அப்படி எழுதும்படி கேட்டவர் அண்ணி.

அண்ணை இணுவிலில் ஒரு புகையிலைத் தோட்டக் குடும்பத்தில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். ஐயா ஐம்பது வயது தாண்டிச் சில காலத்திலேயே நெஞ்சுவலியால் இறந்தார். அப்போது நான் பாடசாலைப் பிள்ளை. அண்ணை படம் வரையும் கையை வைத்துக்கொண்டு கொழும்பில் ஒரு அரசாங்கத் திணைக்களத்தில் படவரைஞராகச் சேர்ந்தார். பாலம், மதகு, கட்டடம் எல்லாவற்றுக்கும் வரைபடம் கீறுவது அவர் வேலை. என்னைத் தாதியர் பயிற்சிக்கு அனுப்பியது அந்தச் சம்பளம்தான். ஊரிலேயே திருமணம் செய்தார். ஒரு மகள் பிறந்தாள். அண்ணியும் மகளும் இணுவிலில் இருக்க, அண்ணை மாதம் ஒருமுறை இரவு றெயிலில் வந்து போவார். அந்த நாட்களில் எங்கள் பக்கத்தில் பாதிக் குடும்பங்கள் அப்படித்தான் இருந்தன.

கொழும்பில் அவர் வெள்ளவத்தையில் ஒரு மாடி வீட்டின் அறையொன்றில், தென்மராட்சிச் சாவகச்சேரியைச் சேர்ந்த ஒரு நண்பருடன் வாடகைக்கு இருந்தார். 1983 ஆடிக் கலவரத்தில் அந்த வீட்டுக்கும் கும்பல் வந்தது. அண்ணை மொட்டை மாடிக்கு ஏறித் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கி மூடியை இழுத்துக்கொண்டார். நண்பர் பின்னால் வருவதாகச் சொன்னவர், வரவில்லை. கீழே மண்ணெண்ணெய் ஊற்றி வீட்டைக் கொளுத்தினார்கள். மாலையில் பக்கத்து வீட்டுச் சிங்களவர் ஒருவர் ஏணி வைத்து அண்ணையை இறக்கி, தன்னுடைய சாரத்தைக் கொடுத்து, முகாமுக்குக் கொண்டுபோய்விட்டார். அங்கிருந்து சரக்குக் கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து சேர்ந்தார். உடம்பில் ஒரு காயமும் இல்லை. "உயிரோடை வந்து சேர்ந்திட்டான், அது காணும்" என்று எல்லோரும் சொன்னார்கள். நண்பருக்கு என்ன நடந்தது என்று கேட்டவர்களுக்கு, "தெரியாது" என்று மட்டும் பதில் சொன்னார்.

அதன்பின் அவர் கொழும்புக்குத் திரும்பவில்லை. யாழ்ப்பாணத்தில் அதே திணைக்களத்தின் கந்தோருக்கு மாற்றம் கிடைத்தது. இணுவிலில் இருந்து கொக்குவில் வழியாகச் சைக்கிளில் போய்வருவார். பார்த்தவர்களுக்கு அவர் பழைய மனிதர்தான். வீட்டில் இருந்தவர்களுக்குத் தெரிந்தது வேறு. படலை பார்க்கும்படிதான் கதிரையைப் போடுவார். வாசலுக்கு முதுகு காட்டி ஒருநாளும் இருக்கமாட்டார். வளவில் குப்பை கொளுத்த விடமாட்டார். ஒவ்வொரு கதவுக்கும் பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர் நிரப்பி வைத்திருப்பார். ஒழுங்கையில் இருந்த இளந்தாரிகள் எங்கள் வீட்டை 'பயர் பிரிகேட்' என்று சொல்லிச் சிரித்தார்கள். யாராவது நெருப்புக்குச்சி தட்டினால் அவர் கை நெஞ்சுக்குப் போகும். நித்திரை குறைந்தது. சிகரட் கூடியது.

ஒருமுறை குசினியில் அண்ணியின் கை தவறி ஒரு பாத்திரம் விழுந்தது. கதிரையில் இருந்து எழும்பி நின்ற அண்ணையின் நாடியைப் பிடித்துப் பார்த்தேன். ஓடிவந்த மனிதனின் நாடி போல இருந்தது. அவர் ஓடவில்லை. வெறுமனே பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். இரத்த அழுத்தத்தையும் பார்த்தேன். அதுவும் உயர்ந்திருந்தது. குளிசை வாங்கிக் கொடுத்தேன். நினைவு வரும்போது போடுவார்.

விசித்திரம் என்னவென்றால், உண்மையான ஆபத்தில் அவர் கலங்குவதில்லை. 1987இல் ஷெல் விழுந்தபோது ஒழுங்கையில் இருந்த நடக்கமாட்டாதவர்களைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு கோயில் மண்டபத்தில் சேர்த்தவர் அவர். தொண்ணூறில் விமானங்கள் குண்டு போடத் தொடங்கியதும் அயலவர் எல்லோருக்கும் பதுங்குகுழிக்கு வரைபடம் கீறிக் கொடுத்தார். பனங்குற்றியை எப்படி அடுக்குவது, மண்ணை எவ்வளவு போடுவது என்று பக்கத்தில் நின்று காட்டினார். ஒரு விடயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கமாட்டார். எந்தக் குழிக்கும் இரண்டு வாசல் இருக்க வேண்டும். "ஒரு வாசல் காணாதோ?" என்று கேட்டவர்களுக்கு அவர் விளக்கம் சொன்னதில்லை, மற்ற வாசலையும் தானே வெட்டிக் கொடுத்துவிட்டு வந்தார். ஊர் அவரைத் துணிந்த ஆள் என்று சொன்னது. சத்தம் ஓய்ந்து ஊர் நித்திரை கொள்ளும்போதுதான் அவருக்குத் தொடங்கும். வியர்த்து, மூச்சு முட்டி, எழும்பி முற்றத்தில் நடப்பார்.

அந்த ஆண்டோடு மின்சாரம் நின்றது. பெற்றோல் இல்லை. காரும் மோட்டார் சைக்கிளும் மண்ணெண்ணெயில் ஓடின. வீடுகளில் ஜாம் போத்தலில் திரி போட்டு மண்ணெண்ணெய் விளக்கு எரித்தார்கள். குடாநாடு முழுவதும் அந்த மணம். அண்ணைக்கு அந்த மணம் என்ன செய்தது என்பதை நாங்கள் கண்டோம், காரணத்தைக் கேட்கவில்லை. அண்ணி அவருடைய அறையில் மட்டும் தேங்காயெண்ணெய் விளக்கு வைத்தார். வீதிக்கு யாரும் அப்படிச் செய்ய முடியாது. கந்தோருக்குப் போகும்போது மூக்கைக் கைலேஞ்சியால் கட்டிக்கொண்டு சைக்கிள் மிதிப்பார். தூசிக்கு என்று சொல்லுவார்.

நெஞ்சு இறுக்கம் எப்போது தொடங்கியது என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. அவர் அதை வாய்வு என்று சொன்னார். உள்ளியும் வேர்க்கொம்பும் அவித்துக் குடித்தார். 1992இல் ஒரு காலை, தோட்டத்துக் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தவர் அப்படியே கிணற்றுக்கட்டோடு சாய்ந்து இருந்துவிட்டார். அன்று விமானம் வரவில்லை. ஷெல் இல்லை. வீட்டில் சண்டை சச்சரவு இல்லை. முந்தின கிழமை முழுவதும் ஊர் அமைதியாக இருந்தது. அடுத்த வீட்டுக்காரர் தன்னுடைய பழைய காரைக் கொஞ்சப் பெற்றோல் விட்டு உதைத்து எழுப்பி, மண்ணெண்ணெய்க்கு மாற்றி, அண்ணையைப் பின் ஆசனத்தில் படுக்கவைத்து மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார். வழி முழுவதும் அண்ணை அந்தப் புகையைத்தான் சுவாசித்தார். நான் அன்று அங்கே கடமையில் இருந்தேன். ஜெனரேற்றர் போடும் நேரம் வரும்வரை காத்திருந்து இசிஜி எடுத்தார்கள். மாரடைப்பு.

இரண்டு நாள் கழிந்து அபாயம் நீங்கியது. மூன்றாம் நாள் பகலில், வாட்டின் மூலையில் ஒரு ஊழியர் ஊசிகளை அவிப்பதற்கு மண்ணெண்ணெய் அடுப்பை மூட்டினார். அண்ணை கட்டிலால் குதித்து இறங்கி, கையில் ஏறிக்கொண்டிருந்த சேலைனையும் பிடுங்கிக்கொண்டு சுவர் ஓரமாகப் போய் நின்றார். நாங்கள் பிடித்துப் படுக்கவைத்தோம். நோயாளரைப் பார்க்க வந்த வைத்தியர் அதைக் கண்டார். பிறகு என்னை வெளி விறாந்தைக்குக் கூப்பிட்டார்.

"உங்கடை அண்ணைக்கு இது எப்ப தொடங்கினது?"

"நெஞ்சு நோவோ, டொக்டர்?"

"இல்லை. பயம்."

நான் எண்பத்துமூன்றைச் சொன்னேன். எனக்குத் தெரிந்த அளவு சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"பயந்தால் நெஞ்சு அடிக்கும், பிரஷர் ஏறும். அது எல்லாருக்கும் உள்ளது. ஆபத்துப் போனால் இறங்கிவிடும். இவருக்கு இறங்கேல்லை. ஒன்பது வருசமா இவற்றை உடம்பு ஆபத்து முன்னுக்கு நிக்குது எண்டுதான் நினைச்சுக்கொண்டிருக்கு. நித்திரையும் இல்லை. அந்தப் பதட்டத்துக்குச் சிகரட்டும் பத்துறார். இருதயம் என்ன இரும்போ?"

"அப்ப இதுதான் காரணமோ?"

"இதுதான் எண்டு நான் அடிச்சுச் சொல்லமாட்டன். உங்கடை ஐயாவுக்கும் நெஞ்சு வருத்தம் இருந்திருக்கு. சிகரட்டும் இருக்கு. ஆனால் மன நெருக்கீட்டாலை வாற வருத்தமும் இருதயத்தைக் கெடுக்கும். அதை விட்டுட்டு இருதயத்துக்கு மட்டும் குளிசை தாறது அரை வைத்தியம். மனநல டொக்டரிட்டைக் காட்டுங்கோ."

"அண்டைக்கு ஒண்டும் நடக்கேல்லையே, டொக்டர். அமைதியான நாள்."

"இருதயம் நாள் பாத்து நிக்கிறேல்லை, பிள்ளை."

நான் தாதியாக அத்தனை ஆண்டு வேலை செய்தும், ஒரே மனிதனின் பயத்தையும் மாரடைப்பையும் ஒருவர் சேர்த்துப் பேசியதை அன்றுதான் கேட்டேன். வாட்டில் நாங்கள் அவற்றை வேறு வேறு இடத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம்.

வீட்டுக்கு வந்தபின் இதைச் சொன்னபோது அண்ணைக்குக் கோபம் வந்தது. "நான் என்ன விசரனே?" என்றார். அண்ணியும் தயங்கினார். அந்த நேரம் மகளுக்குக் கொக்குவிலில் ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தோம். மாப்பிள்ளை ஆசிரியர். சாதகம் பொருந்தியிருந்தது. "இஞ்சருங்கோ, கலியாணம் முடியட்டும். விசர் டொக்டரிட்டைப் போறார் எண்டு தெரிஞ்சால் ஆர் பெண் எடுப்பினம்?" என்று அண்ணி கேட்டார். அவர் சொன்னதில் பிழை காண முடியாது. எங்கள் சமூகம் அப்படித்தான் இருக்கிறது. நாட்கள் போயின. சிகரட்டை மட்டும் அண்ணை விட்டார். நித்திரை திரும்பவில்லை. மாடிப்படி இல்லாத வீட்டில் முற்றத்தைக் கடப்பதற்கே நாவின் கீழ்க் குளிசை தேவைப்பட்டது.

அடுத்த தை மாதம் ஒரு பின்னேரம் அண்ணை வெளிக்கிட்டு வந்து, "பிள்ளை, கொக்குவில் மட்டும் வாறியோ?" என்று கேட்டார். சைக்கிளை மிதிக்காமல் உருட்டிக்கொண்டே நடந்தார். நானும் உருட்டினேன். எதற்கு என்று வழியில் அவர் சொல்லவில்லை.

மாப்பிள்ளையின் தாயார் கணவனை இழந்தவர், அண்ணையிலும் மூத்தவர். அவருடைய இளைய மகன் சந்தைக்குப் போன இடத்தில் ஷெல் பட்டு இறந்துபோனவன். எங்களைக் கண்டு அவர் அவசரமாக உள்ளே போய்ப் பனங்கட்டியும் தேநீரும் கொண்டுவந்தார். அண்ணை தேநீரைக் கையில் வைத்திருந்தார், குடிக்கவில்லை.

"அக்கா, ஒண்டைச் சொல்லிப்போட்டுப் போவம் எண்டு வந்தனான்."

"சொல்லுங்கோ, தம்பி."

"எனக்கு ரெண்டு வருத்தம் இருக்கு. ஒண்டு நெஞ்சிலை. அது உங்களுக்குத் தெரியும். மற்றது எண்பத்திமூண்டிலை இருந்து இருக்கு. நித்திரை இல்லை. சும்மா இருக்கேக்கை நடுங்கும். ரெண்டும் ஒண்டையொண்டு கெடுக்குது எண்டு டொக்டர் சொல்லுறார். வாற கிழமையிலை இருந்து மனநலக் கிளினிக்குக்குப் போகப்போறன்."

தாயார் பனங்கட்டித் தட்டைக் கீழே வைத்தார்.

"பிறகு ஆரும் வந்து சொல்லி நீங்கள் அறியக் கூடாது. அதுதான் நானே வந்தனான். உங்களுக்கு யோசினை எண்டால் இப்பவே சொல்லுங்கோ. நான் ஒண்டும் நினைக்கமாட்டன். பிள்ளைக்கும் நான் சொல்லிக்கொள்ளுறன்."

அண்ணை அவ்வளவு நீளமாகப் பேசி நான் பல ஆண்டுகளாகக் கேட்டதில்லை. தாயார் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி இருந்தார். சம்பந்தம் போய்விட்டது என்றே நான் நினைத்தேன். அண்ணியிடம் என்ன சொல்வது என்றும் யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

"அங்கை போனால் நித்திரை வருமோ, தம்பி?" என்று அவர் கேட்டார்.

அண்ணை நிமிர்ந்து பார்த்தார்.

"வருமெண்டுதான் சொல்லினம், அக்கா."

"எனக்கு அவன் போன நாளிலை இருந்து இல்லை. பெடியனுக்குத் தெரியாது. நான் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருப்பன்." பிறகு, "தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ" என்றார்.

இதை எழுதலாமா என்று போன கிழமை அந்தத் தாயாரிடம் கேட்டேன். "எழுதுங்கோ, களவோ எடுத்தனாங்கள்?" என்றார். அண்ணை கிளினிக்குக்குப் போகத் தொடங்கி மூன்றாம் மாதம் அவரும் வந்தார். இருவரும் ஒரே நீள மரவாங்கில் அமர்ந்து முறைக்குக் காத்திருப்பார்கள். அதிகம் பேசிக்கொள்ளமாட்டார்கள்.

அங்கே செய்தது பெரிய மந்திரமல்ல. சிறிய அளவில் மருந்து கொடுத்தார்கள். மூச்சை மெதுவாக இழுத்து விடும்போது மனத்துக்குள் 'சிவசிவ' என்று சொல்லப் பழக்கினார்கள். "உதுக்கோ நான் இவ்வளவு தூரம் வந்தனான், உது ஐயா சொல்லித் தந்ததெல்லோ!" என்று முதல் நாள் அண்ணை சிரித்தார். மற்றது, கதைக்கவைத்தார்கள். அதுதான் அவருக்குக் கடினமாக இருந்தது. கிளினிக்கால் வந்த நாட்களில் சாப்பிடாமல் படுத்துவிடுவார். அண்ணி ஒருமுறை, "போய்த்தான் கூடிப்போச்சு" என்று என்னிடம் முறையிட்டார். ஆனால் சில மாதங்களில் நித்திரை வந்தது. இரத்த அழுத்தம் இறங்கியது. ஒருநாள் அண்ணி குசினிக்குள் வந்தபோது அண்ணை நெருப்புக்குச்சி தட்டி விளக்கை ஏற்றிக்கொண்டு நின்றாராம். முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டாராம், ஆனாலும் ஏற்றினார் என்று அண்ணி சொன்னார்.

கிளினிக் வைத்தியரிடம் சொன்னதை அண்ணை பின்னர் எங்களிடமும் சொன்னார். நண்பர் மாடிப்படியில் அகப்பட்டுக்கொண்டார். அண்ணையை அழைத்தார். அண்ணை தொட்டிக்குள் இருந்து கேட்டார். வெளியே வந்திருந்தால் இருவரும் போயிருப்பார்கள் என்பது அண்ணைக்குத் தெரியும். அவருடைய உடம்புக்குத் தெரியவில்லை.

அந்த ஆண்டு ஆவணியில் அண்ணை சாவகச்சேரிக்குப் பஸ் ஏறினார். அண்ணியும் கூடப் போனார். நண்பரின் மனைவியைப் பத்து ஆண்டுகளாக அவர் பார்க்கவில்லை. அந்தப் பக்கம் போவதையே தவிர்த்து வந்தார். அங்கே நடந்ததை அண்ணி சொல்லி அறிந்தேன். அண்ணை நடந்ததை முழுவதும் சொல்லி முடித்தார். அந்த அம்மா அழவில்லை, குறை சொல்லவுமில்லை. ஒன்றே ஒன்றைக் கேட்டார்.

"என்ன சொல்லிக் கூப்பிட்டவர்?"

அண்ணை சொன்னார். அது என்ன என்பதை அண்ணி என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பிறகு அந்த அம்மா எழும்பி உலை வைத்தாராம். சாப்பிடாமல் போக விடவில்லை. மகளின் திருமணத்துக்குப் பிள்ளைகளுடன் வந்து, பந்தியில் தானே நின்று பரிமாறினார்.

திருமணம் 1994இல் நடந்தது. அண்ணை கன்னிகாதானம் செய்து கொடுத்தார். புகை எழும்பிய ஓமத்தின் முன்னால் முழு நேரமும் இருந்தார். அவரை அறிந்தவர்களுக்கு அது என்ன என்று விளங்கும்.

இந்த 1995ஆம் ஆண்டு தொடக்கத்தில் சண்டை நின்று, ஊரில் சற்று மூச்சு விடக்கூடிய நாட்கள் வந்தன. மகள் வந்து நின்றாள். அப்படி ஒரு காலையில், வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வந்த அண்ணை, நெஞ்சு நோகிறது என்று சொல்லிக் கதிரையில் இருந்தார். மகள் குளிசையை நாவின் கீழ் வைத்தாள். அடுத்த வீட்டுக்காரர் காரை எடுத்தார். மருத்துவமனை வாசலை அடைவதற்கு முன் உயிர் பிரிந்தது. வயது ஐம்பத்துநான்கு.

அன்று விறாந்தையில் என்னோடு பேசிய வைத்தியர் செத்தவீட்டுக்கு வந்திருந்தார். அவரிடம், "இவ்வளவு பாடுபட்டும் என்ன டொக்டர்?" என்று கேட்டேன். தாதியாகக் கேட்கக்கூடாத கேள்விதான்.

"பத்து வருசம் அந்த இருதயம் பட்டதை ரெண்டு வருசத்திலை முழுக்கத் திருப்பேலாது. முந்தியே கண்டிருந்தால் கூடச் சில காலம் இருந்திருப்பாரோ என்னவோ, எனக்கும் தெரியாது. ஆனால் அந்த ரெண்டு வருசமும் அவர் நித்திரை கொண்டவர். அதை ஒண்டும் இல்லை எண்டு சொல்லாதேங்கோ."

அண்ணை துன்பத்தில் வாய் திறக்காதவர், பிறர் துன்பத்தில் கை கட்டி நிற்காதவர். பொய் சொல்லி மகளை வாழ்க்கைப்படுத்த விரும்பாதவர். அவரிடம் இவற்றைக் கண்டோம் என்பதே எங்களுக்குக் காணும்.

இரண்டு தடவையும் காரை எடுத்த அடுத்த வீட்டு அன்பருக்கும், வைத்தியர் இருவருக்கும், வாட்டில் கூட நின்ற தாதியர்க்கும் ஊழியர்க்கும், சாவகச்சேரியில் இருந்து வந்து எட்டு நாளும் எங்களுடன் தங்கிச் சமையல் பார்த்த அம்மாவுக்கும், சுடலை வரை தோள் கொடுத்த ஒழுங்கைப் பிள்ளைகளுக்கும், கடதாசித் தட்டுப்பாட்டிலும் இந்த மலரை அச்சிட்டுத் தந்தவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. வெள்ளவத்தையில் ஏணி வைத்தவரின் பெயர் எங்களுக்குத் தெரியாது. இந்த மலர் அவர் கைக்குப் போகாது. ஆனாலும் அவருக்கும் நன்றி.

இன்னும் ஒன்று. செத்தவீட்டு நாட்களில் வந்தவர்களில் சிலர் என்னைத் தனியே கூப்பிட்டு, தங்கள் வீட்டில் ஒருவர் நித்திரை இல்லாமல் இருப்பதாகவும் திடுக்கிடுவதாகவும் சொல்லி, அந்தக் கிளினிக் எப்போது என்று மெல்லிய குரலில் கேட்டார்கள். எல்லோருக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அது புதன்கிழமை காலையில். அன்று எனக்கு ஓய்வு நாள். தனியே போகக் கூச்சப்படுகிறவர் இணுவிலில் எங்கள் வீட்டுக்கு வரலாம். நான் கூட வந்து, பக்கத்தில் வாங்கில் இருப்பேன்.

தங்கை